பாட்டுக்கு எழுதிய படம்: 'அக்ராஸ் த யூனிவர்ஸ்'

ஒஹாயோ மாநிலத்துப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் பையன்கள் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியில் முட்டி மோதிக்கொண்டிருக்க, ஆட்டக்காரர்களை ஆடிப்பாடி உற்சாகப்படுத்தும் சியர்லீடர் உடை அணிந்த ஒரு பெண் யாரையோ பார்த்தபடி முணுமுணுப்பாகப் பாடத் தொடங்குகிறாள். அவள் பாடுவது 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்'. 1963இன் கடைசியில் வெளிவந்து, 1964 பிப்ரவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய், பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின்மீதான பித்தை அந்நாட்டில் பற்றவைத்த பாட்டு அது. மூலப் பதிவு கைதட்டலும் துள்ளலுமாக இரண்டரை நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும். இந்தப் பெண்ணோ ஒவ்வொரு சொல்லையும் வெளியே விடலாமா வேண்டாமா என்று யோசிப்பவளைப் போல நிறுத்தி நிறுத்திப் பாடுகிறாள். அவள் பார்வை ஒரு விளையாட்டு வீரன்மீது இருப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவனோடு பேசிக்கொண்டிருக்கும் இன்னொரு சியர்லீடர்மீது இருக்கிறது என்பது சற்றுத் தாமதமாகவே நமக்கு உறைக்கிறது. தடித்தடியான பையன்கள் இருபுறமும் பறந்து விழ, அவர்களில் ஒருவரையும் கவனிக்காமல் அவள் மைதானத்தின் குறுக்கே நடந்து போகிறாள். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது உலகத்திலேயே எளிய ஆசை என்று அறுபது ஆண்டுகளாக நாம் கேட்டுவந்த பாட்டு, அந்தக் காலத்தில் அந்த ஊரில் வாய்விட்டே சொல்ல முடியாத ஆசையாக மாறிவிடுகிறது. வரியில் ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை.

ஜூலி டேமோர் இயக்கி 2007இல் வெளிவந்த 'அக்ராஸ் த யூனிவர்ஸ்' படத்தின் பலம் முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவினர் எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை எடுத்துக்கொண்டு, அவற்றை வரிசைப்படுத்தி, இடையே அறுபதுகளின் அமெரிக்காவை நிரப்பிக் கதையாக்கியிருக்கிறார்கள். மெட்டுக்குப் பாட்டெழுதுவதையும் காட்சிக்கு மெட்டுப் போடுவதையும் பார்த்துப் பழகிய நமக்கு, உலகமே மனப்பாடமாக வைத்திருக்கும் பாடல்களை முதலில் வைத்துக்கொண்டு பிறகு கதையைத் தேடிப் போகும் இந்த முறை தலைகீழாகத் தோன்றலாம். டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே இருவரும் எழுதிய அந்தக் கதையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லிவர்பூல் கப்பல் கட்டுந்தளத்தில் வேலை செய்யும் ஜூட், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தன் தாயை விட்டுப் போன அமெரிக்கச் சிப்பாயான தந்தையைத் தேடிக் கடல் கடக்கிறான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்ட தந்தை அங்கே பராமரிப்பு வேலை பார்ப்பவர் என்று தெரிந்துகொள்கிறான். அங்கே படிக்கும் மேக்ஸ் என்ற விளையாட்டுப் பிள்ளையோடு நட்பாகி, அவன் தங்கை லூசியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். மூவரும் நியூயார்க்கில் பாடகி சேடியின் வீட்டில் வாடகைக்குக் குடியேறுகிறார்கள். மைதானத்தில் பாடிய ப்ரூடென்ஸும், டெட்ராய்ட்டிலிருந்து கிட்டாரோடு வரும் ஜோஜோவும் அதே வீட்டில் வந்து சேர்கிறார்கள். பிறகு வியட்நாம் போர் வந்து ஒவ்வொருவரையும் ஒவ்வொரு திசைக்கு இழுத்துக்கொண்டு போகிறது.

இந்தப் படத்தை நான் நான்கு முறை பார்த்துவிட்டேன். கதைக்காக ஒருமுறைகூட இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேக்ஸுக்குக் கட்டாய ராணுவச் சேவைக்கு ஆணை வரும் காட்சிதான் என்னைத் திரும்பத் திரும்ப அழைப்பது. பஞ்சை விழுங்கினால் ஊடுகதிர்ப் படத்தில் நுரையீரலில் புள்ளி தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பி அவன் பஞ்சை விழுங்கிவிட்டுப் போகிறான். சேர்ப்பு நிலையத்தில் நுழைந்ததும், 'உன்னை எங்களுக்கு வேண்டும்' என்று விரல் நீட்டும், அமெரிக்க அரசின் உருவகமான அங்கிள் சாம் சுவரொட்டி, 1917இல் முதல் உலகப் போருக்காக வரையப்பட்ட அதே படம், தாளைக் கிழித்துக்கொண்டு கையை நீட்டி அவனைப் பிடிக்கிறது. அது பாடத் தொடங்குவது 'ஐ வான்ட் யூ'. தன் காதலி யோகோ ஓனோ மீதான வேட்கையைச் சில சொற்களுக்குள் அடக்கி, பீட்டில்ஸின் ஜான் லெனன் ஏறக்குறைய எட்டு நிமிடம் அரற்றிய காதல் பாட்டு அது. ஒரே அச்சில் வார்த்த சதுரத் தாடை முகமூடிகள் அணிந்த அதிகாரிகள், உள்ளாடையோடு நிற்கும் இளைஞர்களைக் கடையில் துணி விரிப்பதைப் போலப் பிரித்துப் புரட்டி, அளந்து, முத்திரை குத்தி, பெட்டி பெட்டியாக நகர்த்துகிறார்கள். தன்னைச் சேர்த்துக்கொள்ளாமலிருக்க மேக்ஸ் அடுக்கும் காரணங்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாதம் தட்டையாக இல்லையென்றால் போதும் என்ற பொருளில் அதிகாரி பதில் சொல்கிறார்.

அடுத்த வெட்டில் அதே இளைஞர்கள் உள்ளாடையும் பூட்சுமாக, கணுக்கால் உயரமே உள்ள பொம்மைத் தென்னைமரங்களும் காடுமாகப் பரப்பிய ஒரு சின்ன வியட்நாமை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள். அவர்கள் தோளில் சுதந்திர தேவியின் சிலை இருக்கிறது. 'அவள் மிகவும் கனமானவள்' என்று மூலப் பாட்டில் காதலன் முனகும் வரியை, சிலையைச் சுமந்துகொண்டு இவர்கள் பாடுகிறார்கள். போரைப் பற்றி வசனத்தில் எத்தனை பேசினாலும் கிட்டாத கூர்மை இந்த ஒரு படிமத்தில் கிட்டிவிடுகிறது. இளம் வயதில் இந்தோனேசியாவில் தங்கி முகமூடி நாடகமும் பாவைக்கூத்தும் பயின்று, பின்னர் 1997இல் 'த லயன் கிங்' மேடை நாடகத்தால் புகழ்பெற்ற டேமோரின் கை இங்கே தெரிகிறது. அறுபதுகளின் போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் நியூயார்க்கின் 'ப்ரெட் அண்ட் பப்பெட்' நாடகக் குழுவினர் ஆளுயரத்துக்கும் மேலான பொம்மைகளைத் தூக்கி வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த முகமூடிகள் அந்தக் காலத்துத் தெருவுக்கே சொந்தமானவை என்பதும் புரியும்.

'லெட் இட் பீ' காட்சியும் இதே தரத்தில் நிற்கிறது. பதினான்கு வயதில் தாயை இழந்த பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி, பல ஆண்டுகள் கழித்து அவரைக் கனவில் கண்ட ஆறுதலில் எழுதிய பாட்டு அது. பாட்டில் வரும் 'அன்னை மேரி'யின் மேரி என்பது அவருடைய தாயின் பெயர். படத்தில் அது 1967 ஜூலையில் டெட்ராய்ட் நகரம் எரிந்தபோது, 43 பேர் மாண்ட அந்த நாட்களில், கார் ஒன்றின் மறைவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்பினச் சிறுவனின் வாயிலிருந்து துணை இசை எதுவுமின்றித் தொடங்குகிறது. அடுத்து அந்தச் சிறுவன் சவப்பெட்டியில் கிடக்க, தேவாலயப் பாடகர் குழு பாட்டை எடுத்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம் வியட்நாமில் இறந்துபோன லூசியின் முதல் காதலனுக்கு ராணுவ மரியாதையோடு நல்லடக்கம் நடக்கிறது. பீட்டில்ஸ் பாட்டைக் கறுப்பினத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனது இயக்குநரின் வலிந்த கற்பனை என்று யாரேனும் நினைத்தால் அது தவறு. டெட்ராய்ட் போதகர் ஒருவரின் மகளாக அந்நகரத் தேவாலயத்தில் பாடி வளர்ந்த அரீதா ஃப்ராங்க்ளின் பாடிய 'லெட் இட் பீ' 1970 ஜனவரியிலேயே வந்துவிட்டது. பீட்டில்ஸின் சொந்த இசைத்தட்டு அதற்குப் பிறகு, மார்ச்சில்தான் வந்தது. பாட்டு தன் ஊருக்குத் திரும்பி வந்ததைப் போலத்தான் இந்தக் காட்சியில் ஒலிக்கிறது.

இவ்வளவு துணிச்சல் உள்ள படம், வேறு இடங்களில் பள்ளி ஆண்டுவிழாத் தரத்துக்கு இறங்கிவிடுவதுதான் வருத்தம். முக்கியப் பாத்திரங்களின் பெயர்கள் எல்லாமே பீட்டில்ஸ் பாட்டுகளிலிருந்து எடுத்தவை என்பதால், ஜூட் என்று ஒருவன் அறிமுகமானவுடனேயே 'ஹே ஜூட்' எப்போது வரும் என்று நாம் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறோம். ப்ரூடென்ஸ் குளியலறை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறாள். எப்படி வந்தாள் என்ற கேள்விக்கு ஒரு பீட்டில்ஸ் பாட்டின் தலைப்பே பதிலாக வருகிறது. இத்தகைய குறும்புகளுக்கு முதல்முறை புன்னகைக்கலாம், ஐந்தாம் முறை முடியாது. அதே ப்ரூடென்ஸ் மனமுடைந்து அலமாரிக்குள் பூட்டிக்கொள்ள, மற்றவர்கள் 'டியர் ப்ரூடென்ஸ்' பாடி அவளை வெளியே அழைப்பது மட்டும் இதற்கு விலக்கு. 1968இல் ரிஷிகேஷ் ஆசிரமத்தில் தியானத்தில் மூழ்கிக் குடிலை விட்டு வெளியே வராமலிருந்த ப்ரூடென்ஸ் ஃபாரோவை அழைக்க லெனன் எழுதிய பாட்டு அது. தன் காதலை ஒளித்துவைத்திருக்கும் பெண்ணை அலமாரிக்குள் வைத்ததால் அந்தப் பழைய நிகழ்ச்சிக்கு இன்னொரு பொருளும் கிடைத்துவிடுகிறது.

படத்தின் நடுப்பகுதி நீண்டு கிடக்கிறது. ஐரிஷ் பாடகர் போனோ, டாக்டர் ராபர்ட் என்ற போதை குருவாக மீசையும் தொப்பியுமாக வந்து 'ஐ ஆம் த வால்ரஸ்' பாடுகிறார், எல்லோரும் வண்ணம் தீட்டிய பேருந்தில் ஏறுகிறார்கள், நிறங்கள் தலைகீழாகின்றன. அடுத்து எடி இஸார்ட், மிஸ்டர் கைட் என்ற சர்க்கஸ்காரராக, அந்தப் பெயரிலேயே உள்ள பீட்டில்ஸ் பாட்டைப் பாடாமல் பாதிக்கு மேல் பேசித் தீர்க்கிறார். 1843ஆம் ஆண்டின் சர்க்கஸ் விளம்பரம் ஒன்றைப் பழம்பொருள் கடையில் வாங்கி, அதிலிருந்த சொற்களை ஏறக்குறைய அப்படியே எடுத்து லெனன் எழுதிய பாட்டு அது. படமும் அதையே செய்து, விளம்பரத்தைத் திரும்பவும் விளம்பரமாக்கிவிடுகிறது. ஹிப்பி அனுபவத்தை உள்ளிருந்து காட்டுவதாக நினைத்துக்கொண்டு எடுத்த இந்த இருபது நிமிடமும், அந்தக் காலத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள் போடும் மாறுவேடமாகவே நிற்கின்றன. வெளியீட்டுக்கு முன் தயாரிப்புத் தரப்பு குறுக்கிய வடிவம் ஒன்றைப் பார்வையாளர்களுக்குப் போட்டுப் பார்த்ததும், இயக்குநர் அதை எதிர்த்ததும் அன்று செய்தியாயின. முடிவில் 133 நிமிடங்கள் ஓடும் அவருடைய வடிவமே வந்தது. கலைஞரின் உரிமை காப்பாற்றப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். சர்க்கஸ் கூடாரத்தைப் பொறுத்தவரை மட்டும் கத்தரிக்கோல் பக்கம் சாய்கிறேன்.

'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இந்த இரண்டு போக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காட்சி. லூசி போராட்ட வேலைகளில் மூழ்கிவிட, தனியாக விடப்பட்ட ஜூட் வெள்ளைத் திரைச்சீலையில் ஸ்ட்ராபெரிப் பழங்களை வரிசை வரிசையாக ஊசியால் குத்தி வைக்கிறான். ஒவ்வொரு பழத்திலிருந்தும் சாறு சிவப்புக் கோடாக வழிந்து இறங்குகிறது. இந்த இடத்தில் கேமரா அசையாமல் நின்றிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். ஆனால் பழங்கள் வானத்திலிருந்து குண்டுகளாக விழுந்து வியட்நாம்மீது வெடிக்கின்றன. வழியும் சாறு இரத்தம் என்பது நமக்குப் புரியாமல் போய்விடுமோ என்று படத்துக்குப் பயம் வந்துவிடுகிறது.

பாட்டின் பொருளை மாற்றுவது மட்டுமே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் சம உரிமைக்காகப் போராடிய கறுப்பினப் பெண்களை மனத்தில் வைத்து எழுதியதாக மெக்கார்ட்னி சொல்லியிருக்கும் 'ப்ளாக்பேர்ட்', இங்கே காதல் முறிந்த வருத்தத்தில் நீர்க்கரையில் தனியே இருக்கும் வசதியான வீட்டுப் பெண் லூசியின் கைக்குப் போகிறது. லூசியாக நடிக்கும் இவான் ரேச்சல் வுட் அதை அழகாகத்தான் பாடுகிறார். ஆயினும் டெட்ராய்ட்டில் தம்பியைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஜோஜோ அதே கதையில் இருக்கும்போது, அந்தப் பாட்டை அவனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லையே என்ற ஆற்றாமை நீங்கவில்லை. மைதானத்தில் சின்ன ஆசையைப் பெரிதாக்கிய அதே முறை, இங்கே பெரிய ஆசையைச் சின்னதாக்கிவிடுகிறது.

எதிர்ப்பண்பாடு பற்றிய படம் என்று இதை விற்றார்கள்; அந்தப் பண்பாட்டின் அரசியலிடம் இது காட்டும் முகம் அவ்வளவு தெளிவானதாக இல்லை. லூசி சேரும் மாணவர் அமைப்புக்குக் கற்பனைப் பெயர் கொடுத்திருந்தாலும், 'ஜனநாயகச் சமூகத்துக்கான மாணவர்கள்' என்ற அக்கால இயக்கத்தை அது குறிக்கிறது என்பது தெளிவு. 1968 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகக் கட்டடங்களை மாணவர்கள் கைப்பற்றியதும், போலீஸ் உள்ளே புகுந்து 700 பேருக்கு மேல் கைது செய்ததும், 1970 மார்ச்சில் கிரீனிச் வில்லேஜ் வீடொன்றில் வெடிகுண்டு தயாரித்துக்கொண்டிருந்த மூவர் அது வெடித்து இறந்ததும் கதைக்குள் சாயலாக வருகின்றன. ஆனால் அந்த வெடிப்பு, லூசி உயிரோடிருக்கிறாளா என்று ஜூட் தவிப்பதற்கான காரணமாக மட்டுமே பயன்படுகிறது. குண்டு செய்யும் அளவுக்கு அந்த இளைஞர்களைக் கொண்டுபோனது எது என்ற கேள்வியின் பக்கம் படம் திரும்பிப் பார்ப்பதேயில்லை.

ஜூட், இயக்க அலுவலகத்துக்குள் புகுந்து 'ரெவல்யூஷன்' பாடி வம்பிழுக்கும் காட்சியில் இந்த நழுவல் நன்றாகத் தெரிகிறது. பீட்டில்ஸின் 'வெள்ளை ஆல்ப'த்தில் உள்ள, அந்தப் பாட்டின் மெதுவான வடிவத்தில், அழிவு வேலைக்கு என்னைச் சேர்க்காதே என்றும், அதே மூச்சில் சேர்த்துக்கொள் என்றும் லெனன் இரண்டையும் பாடிவைத்தார். அவருக்கே இருந்த அந்தத் தயக்கம் ஜூட்டுக்குத் துளியும் கிடையாது. அவன் பிரச்சினை புரட்சியைப் பற்றியதே இல்லை, லூசி இன்னொருவனோடு நெருங்குகிறாள் என்ற பொறாமைதான். படம் அதை அறிந்தும் அவன் பக்கமே சாய்கிறது. ஒரு நல்ல பொருத்தம் மட்டும் இங்கே இருக்கிறது. 1968இல் வந்த இசைத்தட்டில் 'ஹே ஜூட்' ஒரு பக்கமும் 'ரெவல்யூஷன்' மறுபக்கமும் இருந்தன. முதலாவது ஜூட்டை லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்குத் திரும்ப அழைக்கிறது. மற்றது அவனை லூசியிடமிருந்து பிரித்தது. தட்டைத் திருப்பிப் போட்டதைப் போலக் கதை அமைந்திருப்பது திட்டமிட்டதோ தற்செயலோ, எனக்குப் பிடித்திருக்கிறது.

பாட்டு விஷயத்தில் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பீட்டில்ஸின் மூலப் பதிவு ஒன்றுகூடப் படத்தில் கிடையாது. எல்லாம் நடிகர்களும் கலைஞர்களும் புதிதாகப் பாடியவை, வாசித்தவை. பெரும்பாலானவற்றைப் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் மூச்சு வாங்குவதும், குரல் சற்றே பிசிறுவதும், பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்கியது என்று தெரியாமல் நழுவுவதும் காதில் விழுகின்றன. எலியட் கோல்டன்தாலின் இசை ஏற்பாடு பல இடங்களில் வாத்தியங்களைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் குரலை மட்டும் தனியே விட்டுவிடுகிறது. சேடியாக வரும் டானா ஃபுக்ஸ், மேடை நாடகத்தில் அறுபதுகளின் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினாக நடித்தவர். அந்தக் கரகரப்பு இங்கே இரவல் வாங்கியதாகத் தோன்றவில்லை. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி வரும் இரவில் ஜோஜோ மதுக்கடையில் தனியாக அமர்ந்து 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' வாசிப்பதை நல்ல ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். வுட்ஸ்டாக் இசைவிழாவில் பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைத் தன் சொந்தப் பாட்டாகவே ஆக்கிக்கொண்ட ஜோ காக்கர், 'கம் டுகெதர்' பாட்டில் பிச்சைக்காரர், விபசாரத் தரகர், ஹிப்பி என்று மூன்று வேடத்தில் வருகிறார். கைப்பெட்டிகளோடு நடக்கும் அலுவலர்களை ஒரே தாளத்தில் ஆடவிட்டிருக்கும் டேனியல் எஸ்ரலோவின் நடன அமைப்புக்காகவே அதைப் பெரிய திரையில் பார்க்கலாம்.

ஆல்பர்ட் வோல்ஸ்கியின் உடை அமைப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. திரையரங்கில் படம் போட்ட பணத்தை எடுக்கவில்லை. பீட்டில்ஸ் பாடல்களைப் புனிதமாகக் கருதுபவர்களுக்கு இதில் கோபம் வர நிறைய இருக்கிறது. ஒன்றிரண்டு பாட்டு மட்டுமே தெரிந்தவர்கள் தாராளமாக இதிலிருந்து தொடங்கலாம். ஆனால் மூலப் பதிவுகளைப் பிறகு தேடிக் கேட்கும்போது அவற்றின் வேகம் சற்று அவசரமாகத் தோன்றும் என்று எச்சரித்துவைக்கிறேன். போதை, நிர்வாணம், வன்முறை மூன்றும் இருப்பதால் குழந்தைகளோடு உட்கார வேண்டாம். முடிந்தால் 'ஐ வான்ட் யூ' வரையிலும் ஓர் இரவு, பேருந்துப் பயணத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெம்பு இருக்கும் இன்னோர் இரவு மீதி என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டாம். கதாநாயகிக்கு லூசி என்று பெயர் வைத்துவிட்டு, நாம் இரண்டு மணி நேரம் எதிர்பார்த்திருந்த 'லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்' பாட்டை அதுவரை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

கடைசிக் காட்சி மொட்டைமாடியில் நடக்கிறது. 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் தங்கள் அலுவலக மொட்டைமாடியில் பீட்டில்ஸ் வாசித்ததையும் போலீஸ் வந்து நிறுத்தியதையும் நியூயார்க்குக்கு மாற்றி, சேடியின் குழுவை மேலே ஏற்றியிருக்கிறார்கள். போலீஸ் எல்லோரையும் இறக்கிவிட, எப்படியோ மேலேயே தங்கிவிட்ட ஜூட் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாடத் தொடங்குகிறான். அன்பு போதும் என்ற அந்த வரியை, இவ்வளவு சவப்பெட்டிகளைக் காட்டிய பிறகு எந்த முகத்தோடு பாடுவது என்று நான் கூசிக்கொண்டிருந்தபோது, எதிர்க் கட்டடத்தின் மேல் லூசி நிற்பதை மேக்ஸ் பார்க்கிறான். வியட்நாமிலிருந்து திரும்பி, மருத்துவமனைக் கட்டிலில் மயக்க ஊசிக்காக ஏங்கிக் கிடந்தவன் அவன். 1967இல் பதிவான மூலப் பாட்டின் முடிவில், இசை தேய்ந்துகொண்டே போகும்போது பீட்டில்ஸ் தங்கள் பழைய 'ஷீ லவ்ஸ் யூ'விலிருந்து ஒரு துணுக்கைக் கேலியாகப் பாடுவது காதில் விழும். அந்தத் துணுக்கை மேக்ஸ் தொண்டை கிழியக் கத்துகிறான், தன் நண்பனுக்குச் செய்தி சொல்வதற்காக.